ஒரு குடும்பத்துக்கு ஒரு டின்

இர்மா ஹவ்ரனின் வலது கட்டைவிரலில் உயிர் போகிற வலி. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் வந்த கூப்பன்களை மழுங்கிப்போன கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிக் கணு வீங்கிவிட்டது. புதன்கிழமை ஆகியும் வடியவில்லை. இடது முட்டி வேறு தன் பங்குக்கு முனகியது. அந்த விரலோடும் அந்த முட்டியோடும் மேட்டுத் தெருவிலிருந்து இறங்கி, வென்டல் மார்க்கெட்டுக்குள் நுழைந்து, கடைக்கோடியில் இருந்த காப்பி அலமாரியை எட்டினால், அங்கே ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

'ஒரு குடும்பத்துக்கு ஒரு டின்.'

கடைக்காரர் வென்டல் தன் கையால் கறுப்பு மையில் எழுதிக் கயிறு கட்டித் தொங்கவிட்ட அட்டை.

"அநியாயத்தைப் பார்த்தியா எமில்? விளம்பரத்துல இதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. பொடி எழுத்து வரைக்கும் படிச்சேனே! கையில ரெண்டு கூப்பன் இருக்கு. சனிக்கிழமையோட ரெண்டும் குப்பை."

"ம்" என்றான் அவள் புருஷன்.

மில் மூடிய நாளிலிருந்து எமிலின் பேச்செல்லாம் அந்த ஓர் எழுத்துக்குள் அடங்கிவிட்டது. 'ம்' என்றால் ஆமாம். 'ம்ம்' என்றால் இல்லை. இருபத்தெட்டு வருடம் உலைக்கு முன்னால் நின்றவன் இப்போது சமையலறை ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து, ஆற்றங்கரையில் புகை வராமல் நிற்கும் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தான். காலையில் ஒரு கெட்டில், மத்தியானம் ஒரு கெட்டில்.

அந்தக் காப்பியில்தான் இர்மாவின் உயிரே இருந்தது. அந்த வருடம் காப்பி விலை இறைச்சி விலையைத் தாண்டியிருந்தது. வேறு வீடுகளில் சிக்கரிக்கும் வறுத்த பார்லிக்கும் மாறிவிட்டார்கள். இர்மா மாறவில்லை. தெருவில் பாதி ஆண்கள் வேலை தேடி டெக்சாஸ் போயிருந்தார்கள். முதலில் கடிதம் வரும், அப்புறம் செக் மட்டும் வரும், அப்புறம் ஒன்றும் வராது. மூலை வீட்டு ஆளின் மனைவி இன்னும் அஞ்சல்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கிறாள். எமில் வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, சமையலறை நாற்காலியில் இருந்தான். சூடான காப்பி இருக்கிற வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்து போக மாட்டான் என்பது இர்மாவின் கணக்கு. காப்பி தீர்ந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

அதனால்தான் கூப்பன். பழைய செருப்புப் பெட்டி ஒன்றில், தானிய அட்டைகளை வெட்டித் தடுப்பு வைத்து, கடையில் எந்தச் சந்தில் எந்தச் சாமான் இருக்கிறதோ அதே வரிசையில் அடுக்கி வைத்திருப்பாள். சீக்கிரம் காலாவதியாகிறது முன்னால், நாள் இருக்கிறது பின்னால். திங்கட்கிழமைகளில் மாதா கோயில் நிலவறையில் பெண்கள் கூடிக் கூப்பன் மாற்றிக்கொள்வார்கள். பங்குச் சந்தை தோற்றுப்போகும். இர்மா வீட்டில் பூனையும் இல்லை, குழந்தையும் இல்லை. பூனைத் தீனிக் கூப்பன் மூன்றைத் தள்ளிவிட்டு ஒரு காப்பிக் கூப்பன், அணையாடைக் கூப்பன் ஒன்றுக்கு ஒரு காப்பிக் கூப்பன் என்று பேரம் பேசி வாங்குவாள். புதன்கிழமை வென்டல் மார்க்கெட்டில் கூப்பனுக்கு இரட்டை மதிப்பு. இவ்வளவு பாடும் பட்டு வந்தால், ஓர் அட்டை.

இர்மா அட்டையை இன்னொரு தடவை படித்தாள்.

"ஒரு குடும்பத்துக்குத்தானே ஒண்ணு? சரி. நீ யாரோ, நான் யாரோ. நீ ஒரு டின்னை எடுத்துட்டு எனக்குப் பின்னால வரிசையில நில்லு. என்னை உனக்குத் தெரியாது."

"ம்?"

"என்ன ம்? வீட்டுல ஆறு மாசமா அப்படித்தானே இருக்கே? கடையில அஞ்சு நிமிஷம் இருக்கக் கூடாதா?"

எமில் டின்னை எடுத்துக்கொண்டான்.

கல்லாவில் இருந்தவள் லோர்னா. ஆற்றுக்கு அக்கரைக் கடையில் வேலை பார்த்துவிட்டுப் பனிக்காலத்தில்தான் இங்கே வந்து சேர்ந்தவள். அவளுக்கு எமிலைத் தெரியாது. வென்டலுக்கும் தெரியாது. அவர் கடையை வாங்கியதே போன வருடம்தான். எமில் அதுவரை கடைப்பக்கம் வந்தவனும் இல்லை. வென்டல் கடைக்கு நடுவே உயரமாக ஒரு கண்ணாடிக் கூண்டு கட்டி அதற்குள் உட்கார்ந்திருப்பார். கூப்பனில் தில்லுமுல்லு செய்த ஒருத்தியை இனி வாசல் மிதிக்காதே என்று அனுப்பிவிட்டதாகப் பேச்சு. வண்டியை விற்றுவிட்ட இர்மாவுக்கு நடந்து போகிற தூரத்தில் வேறு கடை கிடையாது.

அவள் முறை வருகிற சமயம் பார்த்து, மனுஷன் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். இர்மாவின் டின்னைப் பார்த்தார். பின்னால் நின்ற எமிலின் டின்னைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்களா?"

போச்சு, 'ம்' என்று சொல்லித் தொலைக்கப்போகிறான் என்று இர்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இந்த அம்மணியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இவங்களை நான் பார்த்ததே இல்லையே. பார்த்திருந்தா மறந்திருக்க மாட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லோர்னா சிரித்தாள். வென்டல்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு கூண்டுக்கு ஏறிப் போனார். இர்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து மேடு ஏறத் தொடங்கியபோது பின்னாலேயே வந்தான்.

"அம்மணி, பை கனமா இருக்கும்போல. நானும் மேட்டுப் பக்கந்தான் போறேன். குடுங்க."

கடைக் கண்ணாடி வழியாக வென்டல் பார்த்துக்கொண்டிருப்பார் என்று இர்மாவுக்குப் பட்டது. "வேண்டாங்க. முன்னே பின்னே தெரியாதவங்ககிட்ட பையைக் குடுக்கிற பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டு, முட்டி கதறக் கதற இரண்டு பைகளையும் தானே சுமந்தாள்.

வீட்டுக்குள் வந்து காப்பி போட்டுக் கொடுத்து, "பரவாயில்லையே, நல்லாத்தான் நடிச்சே" என்றாள்.

"ம்" என்றான் எமில்.

அடுத்த புதன்கிழமை அவன் முகம் மழித்திருந்தான். இர்மா ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது புதன்கிழமை கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்புக்கு மெருகு வேறு பூசிக்கொண்டு வந்தான். கடைவாசலில் அவளைப் பத்தடி முன்னால் போகவிட்டு, உள்ளே பால் அலமாரிப் பக்கம் தற்செயலாகச் சந்திப்பதுபோல் தொப்பியைத் தூக்கினான்.

"என்ன அம்மணி, நொண்டறீங்க? அந்தக் கோடி வரைக்கும் நீங்க எதுக்கு நடக்கணும்? போய் வரிசையில நில்லுங்க. ரெண்டு டின்னையும் நான் எடுத்துட்டு வந்து ஒண்ணை உங்ககிட்ட குடுத்துடறேன். ஏதோ தெரியாதவங்களுக்கு உதவி."

நல்ல யோசனைதான். அன்றிலிருந்து காப்பி அலமாரிப் பக்கம் போவது எமிலின் வேலையாயிற்று. இர்மாவின் முட்டிக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

வரிசையில் நின்றால் அவன் பேசினான். ஃபோர்மனின் சாப்பாட்டுப் பெட்டியை எலி இழுத்துக்கொண்டு போனதும், அந்த எலிக்கே ஃபோர்மன் பெயரை வைத்ததும். இரவுப் பணியில் உலைக்கதவுச் சூட்டில் உருளைக்கிழங்கு சுட்டுத் தின்றதும். முன்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். லோர்னா சில்லறை எண்ணுவதை விட்டுவிட்டுக் கேட்பாள். இர்மா, பழக்கமில்லாத ஆள் பேச்சைக் கேட்கிற பெண்பிள்ளை மாதிரி, பாதி முகத்தை மட்டும் திருப்பிக் கேட்பாள்.

அந்தக் காலத்தில் டிராம் வண்டி நிறுத்தத்தில் அவன் இப்படித்தான் அவளுக்குப் பின்னால் நின்று பேசினான். அவள் தொழிற்சாலை கேன்டீனில் தட்டுக் கழுவிவிட்டு, வெந்நீரில் வெளுத்துப்போன கைகளைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பாள். அவன் பேசிக்கொண்டே இருப்பான். பேச்சு முடியவில்லை என்று அவள் இறங்குகிற இடம் தாண்டிப் போயிருக்கிறாள். அவனிடம் அப்போது இருந்தது ஒரு கோட்டும் அந்த வாயும்தான். கோட்டு இரவல். வாய்க்காகத்தான் கட்டிக்கொண்டாள்.

ஒரு நாள் வீட்டில் கேட்டுப் பார்த்தாள்.

"அந்த எலிக் கதை... அப்புறம் ஃபோர்மன் என்ன பண்ணான்?"

"எந்த எலி?"

"இன்னிக்கு வரிசையில சொன்னியே."

"ம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இர்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரிசையில் நிற்கிற அந்தப் பொம்பளை மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்கு மட்டும் 'நீங்க', 'அம்மணி', எலி, உருளைக்கிழங்கு எல்லாம். வீட்டில் சமைத்துப் போடுகிறவளுக்கு 'ம்'. அவளும் இவளும் ஒருத்தியேதான் என்பது அந்த நேரத்தில் பெரிய ஆறுதலாக இல்லை.

இதற்கிடையில் முதல் புதன்கிழமையே வேறு ஒன்று நடந்துவிட்டிருந்தது. பக்கத்து வீட்டு ஆக்னஸ் அன்றைக்கு வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவள், எமில் சொன்னதில் பாதியைக் கேட்டிருக்கிறாள். 'பார்த்ததே இல்லையே' வரைக்கும் கேட்டது. மீதி கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஆக்னஸ் கண்ணாடிப் பாத்திரத்தில் மீனும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்டு எடுத்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள். இழவு வீட்டுக்கும், நெருப்புப் பிடித்த வீட்டுக்கும் எடுத்துப்போகிற பாத்திரம் அது.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் இர்மா. எனக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கட்டின பொண்டாட்டியை நாலு பேர் முன்னாடி யாருன்னே தெரியாதுங்கறானே! என் காதாலயே கேட்டேன். உன் பின்னாடி மேடு ஏறி வர்றான், பையைக்கூட வாங்கலை. பாவி! நல்ல மனுஷனாத்தானே இருந்தான். எல்லாம் மில் மூடின கொடுமை."

"அது வந்து ஆக்னஸ்..."

இர்மா நிறுத்திக்கொண்டாள். ஆக்னஸின் நாத்தனார் வென்டல் கடையில்தான் இறைச்சி வெட்டுகிறாள். ஆக்னஸிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் கண்ணாடிக் கூண்டுக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டு தலை குனிந்தாள். ஆக்னஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்தக் குனிந்த தலை ஊரெல்லாம் போயிற்று. திங்கட்கிழமை முட்டைக்கோஸ் உருண்டை வந்தது. செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை வந்தது. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுநாடாவில் சொந்தக்காரியின் பெயர். எமில் ஒன்றும் கேட்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டான். "கொழுக்கட்டையில மிளகு கம்மி" என்றுகூட ஒரு நாள் சொன்னான். மார்ச் மாதத்தில் அவன் வீட்டில் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

சும்மா வந்த சாப்பாடு என்று இர்மா முதலில் கொஞ்சம் சந்தோஷப்பட்டது உண்மை. ஆனால் அந்த ஊரில் வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. ஆக்னஸ் பாத்திரத்துக்கு ஒரு கேக். முட்டைக்கோஸ் பாத்திரத்துக்கு ஒரு ரொட்டி. மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை! காப்பியில் மிச்சம் பிடித்ததெல்லாம் அடுப்பில் வெந்து பக்கத்து வீடுகளுக்குப் போயிற்று. அதற்கும் கூப்பன் தேடி இன்னும் இரண்டு வீட்டுப் பழைய பத்திரிகைகளை வாங்கி வெட்டினாள். கட்டைவிரல் உருளைக்கிழங்குபோல் ஆகிவிட்டது.

இதை நிறுத்த ஒரே வழி, இருவரும் கையைக் கோத்துக்கொண்டு ஊர் பார்க்கக் கோயிலுக்குப் போவதுதான் என்று முடிவு செய்தாள். மில் மூடியதிலிருந்து எமில் கோயில் படி ஏறவில்லை.

"தவக்காலம் நடக்குது. இந்த ஞாயித்துக்கிழமை நீ என்கூட பூசைக்கு வர்றே. ஒட்டி உட்காரணும். எல்லாரும் பார்க்கணும்."

"ம்."

வந்தான். வாசலில் கையைக் கோத்துக்கொண்டார்கள். ஆக்னஸ் பார்த்தாள். கொழுக்கட்டைக்காரி பார்த்தாள். இர்மா தலையை நிமிர்த்திக்கொண்டு நடுவரிசையில் போய் எமிலை ஒட்டி உட்கார்ந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காணிக்கைக் கூடையை ஏந்திக்கொண்டு கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வென்டல் வரிசை வரிசையாக வந்துகொண்டிருப்பதைப் பார்க்கிற வரைக்கும்.

"எந்திரி" என்றாள் பல்லுக்குள்.

"ம்?"

"தள்ளிப் போ! அந்தப் பக்கம்! வென்டல்!"

முழங்கையால் ஓர் இடி இடித்தாள். எமில் எழுந்து, நடைபாதையைக் கடந்து, எதிர்ப்பக்கப் பெஞ்சியில் ஒரு கிழவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வென்டல் கூடையை நீட்டினார். இர்மா காசைப் போட்டாள். கோயில் முழுக்க ஒரே பெருமூச்சு. பூசை நடுவிலேயே பிரிந்துவிட்டார்கள்! அந்த வாரம் பாத்திரங்கள் வைக்க மேஜை போதவில்லை. துணி துவைக்கிற இயந்திரத்தின் மேல் அடுக்கினாள்.

புதன்கிழமை அவர்கள் பிரிந்தவர்களாக இருந்தே ஆகவேண்டும். மற்ற நாட்களில் சேர்ந்தவர்களாக இருக்க முயன்றால் ஊர் நம்பவில்லை. அதற்குள் பங்குச் சாமியார் மிஹாலிக் வீட்டுக்கே வந்துவிட்டார். அன்றைக்கு வியாழக்கிழமை. எமில் வெளியே போயிருந்தான். கொஞ்ச நாளாக வியாழக்கிழமைகளில் எங்கேயோ போகிறான், கையில் கனமான பையோடு.

இர்மா சாமியாருக்குக் காப்பி கொடுத்தாள்.

"அற்புதமான காப்பிம்மா. எங்க சாமியார் வீட்டுல பார்லித் தண்ணிதான்." இன்னொரு வாய் குடித்துக்கொண்டார். "உனக்கும் எமிலுக்கும் நடுவுல என்னம்மா?"

சாமியாரிடம் பொய் சொல்வது பாவம். உண்மையைச் சொன்னாலோ, அவர் குடிக்கிற காப்பியே பாவம். ஞாயிற்றுக்கிழமை வென்டல் தூக்கிவந்த காணிக்கைக் கூடையும் இந்தச் சாமியாரிடம்தான் போய்ச் சேர்ந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல் கோப்பையை எடுக்கப் போனவள், வீங்கிய கட்டைவிரலை மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அழாதே மகளே, அழாதே. புரியுது. நான் தக்க ஆளை விட்டுப் பேசச் சொல்றேன்."

அவர் போய் ஐந்து நிமிடத்தில் ஆக்னஸ் வந்தாள். பாத்திரம் இல்லாமல் வந்தாள். அதிலிருந்தே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"உன்கிட்ட சொல்றதா வேண்டாமான்னு ரெண்டு நாளா மண்டையைப் போட்டு உடைச்சுக்கறேன். எமில் இப்ப எங்கன்னு தெரியுமா?"

"நடக்கப் போயிருக்கான்."

"நடக்கவா? செர்ரித் தெருவுல மஞ்சள் பெயின்ட் அடிச்ச வீடு. போன வாரமும் பார்த்தேன், இன்னிக்கும் பார்த்தேன். பின்பக்கம் கொடியில பொம்பளை உடுப்பு மட்டுந்தான் காயுது, ஆம்பளைச் சட்டை ஒண்ணுகூட இல்லை. உன் புருஷன் கோட்டைக் கழட்டி வாசல் கைப்பிடியில போட்டுட்டு, சொந்த வீடு மாதிரி சீட்டியடிச்சுட்டு நிக்கறான்!"

"சீட்டியா?"

"ஆமா, சீட்டி."

கோட்டைக் கழற்றியதுகூட இர்மாவுக்கு உறைக்கவில்லை. சீட்டி உறைத்தது. இந்த வீட்டில் சீட்டிச் சத்தம் கேட்டு ஒரு பனிக்காலம் கடந்துவிட்டது.

சாயங்காலம் எமில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் காப்பி ஊற்றவில்லை.

"எங்க போயிருந்தே?"

"நடக்க."

"பையைத் தூக்கிட்டா?"

"ம்."

"எமில், என்னைப் பாரு. டெக்சாஸ் கிக்சாஸ்னு எங்கயாவது போறதா நினைப்பிருக்கா? இல்லை, இந்த ஊர்லயே எங்கயாவதா?"

"ம்ம்" என்றான். 'ம்ம்' என்றால் இல்லை. ஆனால் இரண்டு கேள்விகளில் எதற்கு இல்லை என்று தெரியவில்லை. அவன் கோட்டில் மரத்தூள் வாசனை அடித்தது. மஞ்சள் வீட்டுக்காரி அடுப்புக்கு விறகு வேறு வெட்டிக் கொடுக்கிறானாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

புனித வாரத்துப் புதன்கிழமை வந்தது. இர்மாவுக்குக் கடைக்குப் போகவே மனமில்லை. ஆனால் இரண்டு கூப்பன் இருந்தது, ஈஸ்டர் வருகிறது, காப்பி பாதி டின்தான் பாக்கி. போனாள். அவனும் வந்தான், மழித்த முகமும் மெருகிட்ட செருப்புமாக. பால் அலமாரிப் பக்கம் தொப்பியைத் தூக்கினான். "வரிசையில நில்லுங்க அம்மணி" என்றான். கடைக்கோடிக்குப் போய் இரண்டு டின்களோடு வந்து அவளுக்குப் பின்னால் நின்றான்.

"இன்னிக்கு ஏன் அம்மணி முகம் வாடியிருக்கு? எங்க மில்லுல ஒருத்தன் இருந்தான், தன் கல்யாணத்தன்னைக்கே வேலைக்கு வந்துட்டான்..."

அவள் திரும்பவில்லை. வாசலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அவன் குரல் மட்டும் அந்த டிராம் நிறுத்தத்தில் கேட்டதுபோலவே கேட்டது. அதைக் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, கேட்டுக்கொண்டிருக்கவும் முடியவில்லை. மஞ்சள் வீட்டுக்காரிக்கும் இந்தக் கதையைத்தான் சொல்வானோ?

அவள் முறை வந்தது. லோர்னா மாவை எடுத்து வைத்தாள், முட்டையை எடுத்து வைத்தாள். காப்பி டின்னில் கை வைத்த நேரத்தில் கண்ணாடிக் கூண்டின் கதவு திறந்தது. வென்டல் இறங்கி நேராக இர்மாவிடம் வந்தார். முகம் உருகிப்போயிருந்தது.

"திருமதி ஹவ்ரன், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபாதர் எல்லாத்தையும் சொன்னார். இவர் உங்க வீட்டுக்காரர்னு எனக்கு இப்பத்தான் தெரியும்."

இர்மாவுக்குக் காதில் மில் சங்கு ஊதியது.

"வாரா வாரம் மேலேயிருந்து பார்த்துட்டுத்தான் இருக்கேன்," என்றார் வென்டல். "பிரிஞ்ச பொண்டாட்டி பின்னால நின்னு இவ்வளவு இறங்கி வந்து பேசற ஆம்பளையை நான் பார்த்ததே இல்லைம்மா. ஒரே ஒரு தடவை மன்னிச்சுப் பாருங்க. நான் சொல்லக் கூடாது..."

ஆக்னஸ் கையில் கேரட்டோடு முன்னால் நகர்ந்து வந்தாள், இந்தத் தடவை ஒரு வார்த்தையும் தப்பக்கூடாது என்று.

இர்மாவின் தலைக்குள் ஓடியது இவ்வளவுதான். 'ஆமாம், பிரிந்துவிட்டோம்' என்றால் இரண்டு குடும்பம், இரண்டு டின். கடையும் மிஞ்சும், காப்பியும் மிஞ்சும். மஞ்சள் வீட்டை நினைத்தால் அது பொய்யாகக்கூட இருக்காது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். திரும்பி எமிலைப் பார்த்தாள். கையில் டின்னோடு, காது சிவந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சட்டைக் காலரை அவள் நேற்றுத்தான் திருப்பித் தைத்திருந்தாள்.

"யாருங்க பிரிஞ்சது?" என்றாள் இர்மா. குரல் கடைக்கோடி வரைக்கும் போயிற்று. "நாங்க பிரியவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கட்டில். இந்த ஆளு என் புருஷன். வாயைத் திறக்க மாட்டான், வியாழக்கிழமை எங்க போறான்னு தெரியாது, ஆனாலும் என் புருஷன். ஒரு குடும்பத்துக்கு ஒரு டின்னுனு நீங்க போர்டு போட்டீங்க. நான்தான் இவனை யாரோ மாதிரி நிக்க வச்சு ரெண்டு ரெண்டா வாங்கினேன். இந்தாங்க, இவன் கையில இருக்கறதைப் பிடுங்கிக்குங்க. வீட்டுல பாதி டின் இருக்கு, அதையும் கொண்டாந்து குடுத்துடறேன். குடிச்சதை மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதுல ஒரு கோப்பை ஃபாதரே குடிச்சிருக்கார். இனிமே கடைக்குள்ள வராதேன்னா வரலை. ஆனா எங்களைப் பிரிச்சு வைக்காதீங்க!"

மூச்சு வாங்க நின்றாள். வென்டல் அவளைப் பார்த்து விழித்தார், எமிலைப் பார்த்து விழித்தார், வாயைத் திறந்தார். எமில் தொண்டையைச் செருமிக்கொண்டு செருப்பைப் பார்த்தான். கல்லாவுக்குப் பின்னால் லோர்னா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எமில் கையிலிருந்த டின்னையும் வாங்கி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இர்மாவின் பையிலேயே வைத்தாள்.

"அந்த அட்டையைக் கழட்டி ஒரு மாசமாச்சு இர்மாக்கா. உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு கெஞ்சினது உங்க வீட்டுக்காரருதான். நான் வாயை மூடிட்டிருக்கறதுக்குக் கூலியா செர்ரித் தெருவுல என் வீட்டு வாசப்படி மூணையும் புதுசாப் போட்டுத் தர்றேன்னாரு, அதுல கீழ்ப்படி ஒண்ணு இன்னும் பாக்கி."